சட்டென்று மூர்க்கமாகும் பிள்ளை: பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அக்காவின் 8 வயது மகன், தரம் 3 படிப்பவன், சித்தியான இவரிடம் வளர்கிறான். "எழுது" என்றால், விளையாட்டில் தோற்றால், போனை வாங்கினால், ஒரு நொடியில் ஆளே மாறிவிடுகிறான். சட்டி பானையை வீசுகிறான், இவருடைய 4 வயது மகளை அடிக்கிறான், சத்தம் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கக் கேட்கிறது. அம்மா இரவில் போனில் கோல் எடுத்த மறுநாள் இன்னும் மோசம். பிரம்பால் அடித்துப் பார்த்தாயிற்று, கோயிலில் கயிறும் கட்டியாயிற்று. "இவன் வேணும்னே செய்யுறானா, இல்ல ஏதும் வருத்தமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. காத்திருப்பது, தோல்வியைத் தாங்குவது, பிடித்த ஒன்றைப் பாதியில் விடுவது, மனதில் இருப்பதை வாயால் சொல்வது எல்லாம் பிள்ளை பழகிப் பழகிப் பெறவேண்டிய திறமைகள். சிலருக்கு 5 வயதில் வந்துவிடும், சிலருக்கு 10 வயதிலும் அரைகுறைதான். ஆத்திரத்தைப் பிடித்து நிறுத்தி யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு 25 வயதளவு ஆகிறது. 8 வயதில் அது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலும் பசி, தூக்கமின்மை, பயம் சேர்ந்தால் இருக்கிற கொஞ்சமும் வேலை செய்யாது.

"பாடசாலையில நல்லாத்தானே இருக்கான், வீட்டுலதானே ஆடுறான்" என்று பலரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான். ஆறு மணித்தியாலம் டீச்சர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தன்னைக் கைவிடாத ஆளிடம் வந்து கொட்டுகிறார்கள். அவன் உங்களிடம் கொட்டுகிறான் என்றால் உங்களை நம்புகிறான் என்றும் அர்த்தம். அதற்காக உங்கள் மகள் அடி வாங்கவேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவன் கத்திக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் அவனுக்கு எதையும் பழக்க முடியாது. புத்தி சொன்னாலும், மிரட்டினாலும், கெஞ்சினாலும் உள்ளே போகாது. நாம் எல்லோரும் முழுப் பலத்தையும் அந்த நேரத்தில்தான் செலவழிக்கிறோம். அவன் அடங்கியதும் "அப்பாடா" என்று விட்டுவிடுகிறோம். வேலை செய்யவேண்டிய நேரம் அவன் நன்றாக இருக்கும் நேரம்தான்.

அதற்கு முன் எது அவனைக் கிளப்புகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். "எதுக்கெடுத்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பிள்ளையும் எதுக்கெடுத்தாலும் வெடிப்பதில்லை. பழைய கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இரண்டு வாரத்துக்குக் குறித்துவாருங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டான், முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தான். நாலு வரி போதும். இது புதிய யோசனையும் இல்லை. 1931இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர் தாய்மாரைக் கொண்டே வீட்டில் பிள்ளைகளின் கோபத்தைக் குறித்துவரச் செய்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கோபம் கூடுவது அதில் வெளிப்பட்டது.

நான் பார்த்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன், வேறு தோட்டம். அவன் அந்திக்கு மட்டும் வெறி பிடித்தவன் போல ஆவான். அப்பாயி "சாமி குத்தம்" என்றார். குறித்துப் பார்த்தபோது எல்லாம் 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் விழுந்திருந்தது. பெரிய பையன்கள் கிரிக்கெட் தொடங்கும் நேரம் அதுதான். இவனுக்கு பெட் கைக்கு வருகிற நேரத்தில்தான் வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள், பீலிக்கு (எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய்) போய்த் தண்ணீர் எடுத்துவர. ஒவ்வொரு நாளும் பாதி ஆட்டத்தில் இழுத்துவரப்பட்டான். வீட்டாருக்கு அது தெரியாது, அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. பாடசாலை விட்டு வந்ததும் தண்ணீர், பிறகு ஆட்டம் என்று மாற்றினார்கள். எல்லாம் தீரவில்லை. அந்திச் சண்டை மட்டும் பெரும்பாலும் நின்றது.

உங்கள் பையனிடம் மூன்று நான்கு இடங்கள் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள், எழுத்து வேலை என்று வைப்போம். ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறைந்திருக்கும்போது, நேருக்கு நேர் உட்காரவைக்காமல், கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேளுங்கள். இப்படிப் போகலாம்:

"எழுது ராசான்னு சொன்னா ஒனக்குக் கோவம் வருது. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னா நடக்குது?"

"தெரியாது."

இங்கேதான் பெரியவர்கள் பொறுமை இழக்கிறோம். விடாதீர்கள், ஏசாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறகு நீங்களே எடுத்துக் கொடுங்கள்: "எழுத்து கஷ்டமா? கை வலிக்குதா? இல்ல வேற ஏதாச்சுமா?"

"பாப்பா வந்து கொப்பில கிறுக்குறா. டீச்சர் என்னையத்தான் ஏசுறாங்க."

இந்த ஒரு வரி கிடைப்பதற்கு மூன்று ஞாயிறு ஆகலாம். கிடைத்ததும் "அதுக்காக அவளை அடிப்பியா?" என்று பாயாதீர்கள். பாய்ந்தால் அடுத்த முறை வாயே திறக்கமாட்டான். "ஓ, அப்படியா. அது கோவம் வர்ற விஷயந்தான்" என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்: "எழுதாமப் போனாலும் டீச்சர் ஏசுவாங்க. பாப்பாவுக்கு அடி விழுந்தா எனக்கு மனசு தாங்காது. நம்ம ரெண்டு பேருக்கும் சரிவர்ற மாதிரி என்னா செய்யலாம், நீயே சொல்லு."

"அவளை உள்ள பூட்டி வைங்க" என்பான். சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "அது அவளுக்குச் சரிவராதே. வேற?" இப்படி இரண்டு மூன்று சுற்றுப் போனால் ஏதாவது வரும். பக்கத்து அம்மாச்சி வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து எழுதுவது, பாப்பாவுக்கும் பழைய கொப்பியும் பென்சிலும் கொடுப்பது, எப்படியோ. நீங்கள் அதைவிட நல்ல யோசனை வைத்திருந்தாலும் அவன் சொன்னது உருப்படியாக இருந்தால் அதையே எடுங்கள். தானே சொன்னதற்கு அவன் கட்டுப்படுவான். ஒரு வாரம் செய்துபாருங்கள், சரிவராவிட்டால் திரும்பவும் கேளுங்கள். பத்து நிமிடத்து வேலைதான். ஆனால் இந்தப் பதிலில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். கோபத்துக்குப் பதிலாகச் சொல்லை எடுக்க அவன் பழகுவது இங்கேதான்.

இனி, வெடித்தே விட்டான் என்றால்.

பாப்பாவை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அதுதான் முதல் காரியம். லயத்துக் காம்பராவில் (ஒற்றை அறை வீட்டில்) ஒதுங்க இடமில்லை என்று தெரியும். அதனால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், போத்தல் எல்லாம் கைக்கு எட்டாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். "இங்கதான் இருக்கேன்" என்பதுபோல ஒரே ஒரு வரி போதும். அவனைப் பிடித்து அமுக்கவேண்டாம், யாரையாவது அடிக்கப் போனாலோ தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ மட்டும் தடுங்கள். அடுத்த காம்பராக்காரர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வெட்கம்தான் நம் கையைப் பிரம்புக்குக் கொண்டுபோகிறது. அமைதியாக இருக்கும் ஒரு நாளில் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்: "சத்தம் கேட்டா வராதீங்க அக்கா, ஆள் கூடினா அவனுக்கு இன்னும் கூடுது."

சின்னப் பிள்ளைகள் அடம்பிடிப்பதை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். கோபமும் துக்கமும் அதில் சேர்ந்தே ஓடுகின்றன. கத்தல் சீக்கிரம் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அழுகையும் சிணுங்கலும் கடைசிவரை இருக்கும். அழுகை மட்டும் மிஞ்சும் நேரத்தில் பிள்ளை ஆளைத் தேடும். உங்கள் பையன் பெரியவன், நேரம் கூட எடுக்கலாம், ஆனால் போக்கு அநேகமாக இப்படித்தான். அவன் தேடும்போது பக்கத்தில் இருங்கள். தண்ணீர் கொடுங்கள். "மன்னிப்புக் கேளு" என்று அந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்தால் இரண்டாம் தடவையும் வெடிப்பான். ஒரு மணித்தியாலம் போகட்டும், பிறகு சிதறியதை அவனோடு சேர்ந்து பொறுக்குங்கள், பாப்பாவை அவனே போய்ச் சமாதானம் செய்யட்டும். செய்ததற்கு அவன் பொறுப்பு எடுக்கத்தான் வேண்டும்.

கத்தினான் என்பதற்காகக் கேட்டதைக் கொடுக்காதீர்கள். போனைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதில்லை என்றால் எவ்வளவு கத்தினாலும் கொடுக்கவேண்டாம். அரை மணித்தியாலம் கத்தியபின் கொடுத்தால், அரை மணித்தியாலம் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அவன் படிக்கிறான். கொடுப்பதை நிறுத்திய முதல் நாட்களில் கத்தல் கூடும். அதைக் கண்டு "இது சரிவராது" என்று கைவிட்டவர்கள் அதிகம். கூடிவிட்டுத்தான் குறையும்.

அடியைப் பற்றி. அடித்தால் அந்த நிமிடம் அடங்குவான், அதை மறுக்கவில்லை. ஆனால் அடிவாங்கும் பிள்ளைகளுக்கு நாளாக நாளாக மூர்க்கம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. கோபம் வந்தால் பலமானவன் பலவீனமானவனை அடிக்கலாம் என்று அவன் படிக்கிறான், அடுத்த நாள் பாப்பாவிடம் செய்து காட்டுகிறான். இலங்கைப் பாடசாலைகளிலேயே பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மிளகாய்ப் புகை பிடிப்பது, சூடு வைப்பது, இரவில் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது எல்லாம் கொடுமை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கயிறு கட்டியதில் குற்றமில்லை, உங்களுக்குத் தெம்பு தந்தால் இருக்கட்டும். ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று அவன் காதுபடப் பேசவேண்டாம். தனக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது என்று 8 வயதுப் பிள்ளை நம்பத் தொடங்கினால் அதைப் பிடுங்கி எடுப்பது பெரிய பாடு.

காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) ஓடி, மழையில் மலையில் நின்று, கிலோ குறைந்தால் ஏச்சும் வாங்கிக்கொண்டு வந்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் இவன் சட்டியை வீசினால் உங்களுக்குக் கை ஓங்கும். ஓங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த நேரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். வீட்டில் சித்தப்பா குடித்துவிட்டுச் சத்தம் போடுபவராக இருந்தால், பிள்ளையை மட்டும் திருத்திப் பயனில்லை. அதை நீங்கள் எழுதவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

சாப்பாட்டைப் பார்ப்போம். பாடசாலை ஒன்றரைக்கு விடும், நீங்கள் மலையிலிருந்து வர ஐந்தாகும். நடுவில் அவன் என்ன சாப்பிடுகிறான்? ரொட்டியும் சாயத்தண்ணியும் என்றால் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு எரிச்சலும் சோர்வும் கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. நாட்டுக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் நம் வீடுகளில் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுக்கலாம். பருப்பு, கீரை, நெத்திலி, முட்டை எது கிடைத்தாலும் நல்லது, கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இன்னும் நல்லது. வயிற்றுப் பூச்சிக்கான மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதும் முக்கியம். அடிக்கடி காது வடியும் பிள்ளை பாதிப் பேச்சைப் பிடிக்காமல் எரிச்சலில் இருக்கும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் தரம் 1, 4, 7, 10இல்தான் நடக்கும், தரம் 4 வரை காத்திராமல் இப்போதே காட்டுங்கள். நம் குளிரில் இழுப்புள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் பாணி சிலருக்குக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். அப்படித் தெரிந்தால் நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மாவின் கோல். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அக்கா அங்கே இரவு 8 மணிக்கு வேலை முடித்துக் கூப்பிட்டால் இங்கே பத்தரை. அவன் அதுவரை விழித்திருக்கிறான், பிறகு மனம் அடங்காமல் நெடுநேரம் புரள்கிறான், காலையில் இருட்டோடு எழும்புகிறான். இந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் தூக்கம் வேண்டும். மறுநாள் மோசமாவதற்கு அதுவே போதும். அதோடு ஏக்கமும் சேர்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். கோல் வந்ததும் போன் முதலில் யார் கைக்குப் போகிறது? பல வீடுகளில் பாட்டி, சித்தி, மாமா எல்லோரும் பேசி, காசுக் கணக்கெல்லாம் முடிந்து, பிள்ளை முறை வரும்போது டேட்டா தீர்ந்துவிடும், அல்லது அந்த வீட்டு மெடம் கூப்பிட்டுவிடுவா. அவன் முதலில் பேசட்டும். அவன் முன்னால் "இன்னைக்கு என்னா செஞ்சான் தெரியுமா" என்று முறையிடாதீர்கள், அதற்கு வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "நீ இப்படி ஆடுனா அம்மா வரவேமாட்டா" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. அம்மா போனதற்குத் தானே காரணம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டொக்டரிடம் எப்போது போவது? நான் சொன்னவற்றை இரண்டு மூன்று மாதம் செய்தும் குறையாவிட்டால், பாடசாலையிலும் தொடங்கினால், பேச்சு அல்லது படிப்பு வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்தால், ஓரிடத்தில் ஒரு கணமும் இருக்க முடியாவிட்டால், மற்றப் பிள்ளைகளோடு சேரவே தெரியாவிட்டால், அல்லது முன்பு நன்றாக இருந்தவன் ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாறியிருந்தால். மண்சரிவைக் கண்ட பிள்ளை மழை இரையும்போதெல்லாம் மூர்க்கமாகலாம். யாராவது தகாத விதமாகத் தொட்ட பிள்ளையும் இப்படி மாறலாம், அதையும் மனதில் வைத்திருங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு, காசு இல்லை. முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டித் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். தமிழ் தெரியாத டொக்டராக இருந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அந்தக் கலண்டர் தாள்களையும் கொண்டுபோங்கள். மாதக்கணக்கான கதையை அவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

"மருந்து குடிச்சிச் செத்துப்போறேன்" என்று எப்போதாவது சொன்னால், சின்னப் பிள்ளை சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். அன்றே கூட்டிப்போங்கள். தோட்டத்து வீடுகளில் களைகொல்லி, மண்ணெண்ணெய், பெனடோல் மாத்திரைக் கார்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. இன்றைக்கே பூட்டுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். இரண்டுக்கும் எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம்.

அடுத்த முறை அக்கா எடுக்கும்போது அவவிடம் நேரத்தை மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கிறதா? கிடைத்தால் அங்கே பகல் இரண்டரைக்கு எடுக்கச் சொல்லுங்கள், இங்கே ஐந்து மணியாக இருக்கும். இரவுக் கோல் வந்தால் அது உங்களுக்கு மட்டும். வெள்ளி ஐந்து மணி என்று கலண்டரில் அவன் கையாலேயே வட்டம் போடவையுங்கள். சில வெள்ளிகளில் அக்காவால் எடுக்க முடியாமல் போகும். "அம்மாவுக்கு அங்க வேலை வந்திருக்கும்" என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று அவன் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது, பக்கத்தில் இருங்கள்.